சாப்பிடாதே, சரி... எங்கே சாப்பிடுவது?

ஜூன் மாதம் பள்ளி திறந்த முதல் வாரத்தில் பிள்ளைகள் ஒரு புது டைரியைக் கொண்டுவருவார்கள். முதல் நான்கைந்து பக்கங்கள் விதிமுறைகள். ஷூ என்ன நிறத்தில் இருக்க வேண்டும், முடியை எப்படிப் பின்ன வேண்டும், தாமதமாக வந்தால் என்ன நடக்கும் என்று நீளும் பட்டியலின் நடுவில் ஒரு வரி: வகுப்பறைக்குள் உண்பதற்கும் குடிப்பதற்கும் அனுமதி இல்லை. பட்டியல் முடியும் இடத்தில் பெற்றோர் கையெழுத்துக்கு ஒரு கோடு. என் மகள் ஆறாம் வகுப்புக்குப் போன வருடம் நானும் அந்தக் கோட்டின் மேல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அந்த வரியை நின்று படிக்கவில்லை.

ஆகஸ்டில்தான் கவனித்தேன். காலையில் முக்கால் லிட்டர் பாட்டிலை நிரப்பிக் கொடுக்கிறோம். மாலையில் பையைத் திறந்தால் தண்ணீர் ஏறக்குறைய அப்படியே இருக்கிறது. ஒருநாள் மறந்திருப்பாள் என்று விட்டுவிட்டேன். மறுநாளும், அதற்கு மறுநாளும் அப்படித்தான். கேட்டபோது அவள் சொன்ன கணக்கு இது. பாட்டில்களை எல்லாம் வகுப்புக்கு வெளியே வராண்டாத் திண்டில் வரிசையாக வைத்துவிட வேண்டும். பாடம் நடக்கும்போது எழுந்து போகக் கூடாது. இன்டர்வெல் பத்து நிமிஷம். அதற்குள் கழிப்பறைக்கு வரிசையில் நிற்க வேண்டும், ஸ்நாக்ஸும் சாப்பிட வேண்டும். “தண்ணி குடிச்சா பாத்ரூம் போகணும்ப்பா. அங்க போகவே முடியாது. அதனால நாங்க யாருமே குடிக்க மாட்டோம்.”

‘நாங்க யாருமே’ என்ற அந்தச் சொல்தான் அன்று இரவு என்னைத் தூங்கவிடவில்லை. ஒரு வகுப்பின் பெண் பிள்ளைகள், தங்களுக்குள் பேசிக்கூட வைத்துக்கொள்ளாமல், காலை ஒன்பது மணியிலிருந்து மாலை நாலு மணிவரை தாகத்தை அடக்கப் பழகிவிட்டார்கள். அதற்குப் பிறகுதான் டைரியை எடுத்து அந்த வரியை ஒழுங்காகப் படித்தேன். உண்பது, குடிப்பது என்ற இரண்டையும் ஒரே கயிற்றில் கட்டியிருந்தார்கள்.

விதிக்குப் பின்னால் இருக்கும் நியாயம்

பாட நேரத்தில் தின்னக் கூடாது என்பதை நான் எதிர்க்கவில்லை. வகுப்பறையில் பாடம் எடுத்த யாரைக் கேட்டாலும் காரணம் சொல்வார்கள். முறுக்கு உதிர்ந்த டெஸ்க்குக்கு அரை மணி நேரத்தில் எறும்பு சாரை பிடிக்கும். சனி, ஞாயிறு பூட்டிக் கிடக்கும் வகுப்பில் சிந்திய சாதம் எலியைக் கூப்பிடும். திங்கட்கிழமை வந்தால் அலமாரியில் இருந்த நோட்டுகளின் ஓரம் கடித்துக் குதறப்பட்டிருக்கும். ஊறுகாய் எண்ணெய் பட்ட கணக்கு நோட்டை ஆசிரியர் எந்தக் கையால் திருத்துவார்? வேதியியல் ஆய்வகத்திலும் கணினி அறையிலும் தண்ணீர்கூட எடுத்துப் போகக் கூடாது என்பதில் எனக்கு மறுப்பில்லை. அங்கே ஆபத்து உண்மையானது.

இவற்றைவிட முக்கியமான ஒரு காரணம் இருக்கிறது, அதை எந்த டைரியும் எழுதுவதில்லை. நான் படித்த காலத்தில் மூன்றாவது பீரியட் நடக்கும்போதே கடைசி பெஞ்சில் டிஃபன் பாக்ஸ் திறக்கும் சத்தம் கேட்கும். எலுமிச்சைச் சாதத்தின் வாசம் முன்வரிசை வரை வரும். புத்தகத்தைத் தடுப்பாக நிறுத்திவைத்துவிட்டு ஆளுக்கு ஒரு வாய். எங்களுக்கு அது பெரிய சாகசம். ஆனால் அந்த பெஞ்சின் ஓரத்தில், வீட்டிலிருந்து எதுவும் கொண்டுவராத ஒருவன் எப்போதும் இருந்தான். மதியம் தட்டைத் தூக்கிக்கொண்டு சத்துணவு வரிசைக்குப் போகிறவன். வாசம் அவனையும் சுற்றித்தான் வந்தது. அவன் கரும்பலகையையே பார்த்துக்கொண்டிருப்பான். எல்லாரும் ஒரே நேரத்தில், ஒரே மணிக்குச் சாப்பிடுவதில் ஒரு சமத்துவம் இருக்கிறது. பாட நேரத்தில் தீனி வேண்டாம் என்பதற்கு எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த காரணம் இதுதான்.

ஆனால் சாதாரண வகுப்பறையில் இந்தக் காரணங்களில் ஒன்றுகூடத் தண்ணீருக்குப் பொருந்தாது. தண்ணீர் சிந்தினால் எறும்பு வராது. தண்ணீர் குடிக்கிறவனைப் பார்த்து யார் வாயிலும் எச்சில் ஊறாது.

மணி அடித்தால்தான் தாகம் எடுக்குமா?

ஒரு பிள்ளைக்கு நாளொன்றுக்கு எவ்வளவு தண்ணீர் வேண்டும்? ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2010ல் ஒரு கணக்குக் கொடுத்தது. 9 முதல் 13 வயதுவரை பெண் பிள்ளைக்கு 1.9 லிட்டர், ஆண் பிள்ளைக்கு 2.1 லிட்டர். உணவிலிருந்து சேரும் நீரும் இதில் அடக்கம். மிதமான தட்பவெப்பத்தை வைத்துப் போட்ட கணக்கு அது. மார்ச் மாதத்து வேலூரையோ, மின்விசிறி சுழன்றும் காற்று வராத ஒரு தகரக்கூரை வகுப்பையோ மனத்தில் வைத்துப் போட்டதில்லை. விழித்திருக்கும் நேரத்தில் சரிபாதியைப் பள்ளியில் கழிக்கும் குழந்தை, அந்த அளவில் பாதியையாவது உணவும் தண்ணீருமாக அங்கே பெற்றாக வேண்டும்.

குடிக்காவிட்டால் என்ன ஆகும் என்பதைத் தாய்மார்கள் அறிவார்கள். மாலையில் தலைவலி, மலச்சிக்கல், சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல். சிறுநீரை அடக்கி வைக்கும் பழக்கமும் சேர்ந்தால் பெண் பிள்ளைகளுக்குச் சிறுநீர்த் தொற்று திரும்பத் திரும்ப வரும். படிப்புக்கும் இதில் பங்கு உண்டு. இங்கிலாந்தில் கரோலின் எட்மண்ட்ஸ் என்ற உளவியல் ஆய்வாளரும் அவருடைய சக ஆய்வாளரும் 7 முதல் 9 வயதுவரையுள்ள 58 குழந்தைகளை வைத்து ஓர் ஆய்வு செய்து 2009ல் வெளியிட்டார்கள். கூடுதலாகத் தண்ணீர் குடித்த குழந்தைகள், கண்ணால் கவனித்துக் கண்டுபிடிக்கும் வகைச் சோதனைகளில் மேலாகச் செய்தார்கள். சின்ன ஆய்வுதான். ஆனாலும் கவனம் சிதறும் என்பதற்காகப் பாட்டிலை வெளியே வைக்கச் சொல்லும் பள்ளிகள் யோசிக்க வேண்டிய முடிவு அது.

இதைக் கேரளம் முதலில் உணர்ந்தது. 2019ல் அங்கே சில பள்ளிகளில் ‘வாட்டர் பெல்’ அடிக்கத் தொடங்கினார்கள். தண்ணீர் குடிப்பதற்கென்றே தனியாக ஒரு மணி. 2024 பிப்ரவரியில் வெயில் ஏறியபோது காலை 10.30க்கும் பிற்பகல் 2.30க்கும் இந்த மணியை அடிக்க அந்த மாநில அரசு ஏற்பாடு செய்தது. தமிழ்நாட்டில் 2025 ஜூன் இறுதியில் பள்ளிக் கல்வித்துறை இதைக் கொண்டுவந்தது. காலை 11, பகல் 1, பிற்பகல் 3 என மூன்று மணிகள்.

நல்ல ஏற்பாடு. மனமாரப் பாராட்டுகிறேன். தண்ணீர் குடிப்பது ஒழுங்குமீறல் கிடையாது, பள்ளியே கூப்பிட்டுச் செய்யச் சொல்லும் காரியம் என்று பிள்ளைகளுக்கு அது சொல்கிறது. ஆனால் அந்த மணியோடு வேலை முடிந்துவிட்டதாக ஒரு பள்ளி நினைத்தால் அது தவறு. விளையாட்டு பீரியட் முடிந்து வியர்வையோடு உள்ளே வரும் பிள்ளைக்குத் தாகம் பத்து மணிக்கு எடுக்கும். பதினோரு மணிவரை காத்திருக்காது. பாட்டில் டெஸ்க்கின் மேலோ காலடியிலோ இருக்கட்டும். ஒரு வாய் குடித்து மூடுவதற்கு ஐந்து நொடி ஆகும். அதற்கு அனுமதி கேட்கவும் வேண்டாம்.

இன்னொன்று, மணியைவிடப் பெரியது: கழிப்பறை. என் மகள் சொன்ன கணக்கில் விதி பாதிதான். மீதிப் பாதி கழிப்பறை. பூட்டிய கழிப்பறையும், தாழ்ப்பாள் இல்லாத கதவும், குழாயில் வராத தண்ணீரும் இருக்கும் பள்ளியில் எத்தனை வாட்டர் பெல் அடித்தாலும் பெண் பிள்ளைகள் உதட்டை நனைத்துவிட்டு பாட்டிலை மூடிவிடுவார்கள். மாதவிலக்கு நாட்களில் அதுவும் செய்ய மாட்டார்கள். குடிநீரையும் கழிப்பறையையும் தனித்தனி வேலைகளாகப் பார்க்கும் எந்தத் திட்டமும் பெண் பிள்ளைகளிடம் தோற்கும்.

சட்டத்தில் அடுப்பு இருக்கிறது, பந்தி இல்லை

இனி உணவுக்கு வருவோம். வகுப்பறையில் சாப்பிடாதே என்று சொல்லும் உரிமை பள்ளிக்கு உண்டு. அப்படிச் சொன்ன மறுநொடியே இன்னொரு கடமையும் வந்து சேர்கிறது: சாப்பிட ஓர் இடம் காட்ட வேண்டும்.

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் இணைப்பில், ஒரு பள்ளிக்கூடத்தில் என்னென்ன இருக்க வேண்டும் என்று ஒரு பட்டியல் உண்டு. ஆசிரியருக்கு ஒரு வகுப்பறை வீதம் இருக்க வேண்டும். ஆண், பெண் பிள்ளைகளுக்குத் தனித்தனிக் கழிப்பறை, எல்லாக் குழந்தைகளுக்கும் பாதுகாப்பான, போதுமான குடிநீர், விளையாட்டுத் திடல், சுற்றுச்சுவர் அல்லது வேலி எல்லாம் வேண்டும். மதிய உணவு சமைக்க ஒரு சமையலறையும் வேண்டும். சமைத்ததை உட்கார்ந்து சாப்பிட ஓர் அறை வேண்டும் என்று மட்டும் அதில் எழுதவில்லை.

அந்த ஒரு வரி விடுபட்டதன் விளைவை எந்த ஊரிலும் மதியம் பன்னிரண்டரைக்கு மேல் பார்க்கலாம். வேப்பமரத்தடி, படிக்கட்டு, சைக்கிள் ஸ்டாண்டின் நிழல், வராண்டாவின் சிமென்ட் தரை. மடியில் தட்டு, பக்கத்தில் நாய், தலைக்கு மேலே காக்கை. காற்று அடித்தால் மண். வெயில் காலத்தில் நிழல் நகர நகரப் பிள்ளைகளும் நகர்வார்கள். ஐப்பசி, கார்த்திகையில் மழை கொட்டும்போது எல்லா விதியும் தளர்ந்து, அதே வகுப்பறைக்குள் அதே டெஸ்க்கின் மேல்தான் சாப்பாடு. துடைக்கத் துணி கிடையாது, குப்பைக்கூடை கிடையாது, கைகழுவக் குழாய் கட்டடத்தின் மறுகோடியில். மழை நாட்களில் வகுப்பறை சாப்பாட்டறையாகத்தான் இருக்கிறது. விதி இருப்பதால் அதற்கான ஏற்பாட்டை மட்டும் யாரும் செய்வதில்லை.

இது தமிழ்நாட்டில் நடப்பது எனக்குக் கூடுதல் வருத்தம். ஏனென்றால் பள்ளிக்கூடத்தையும் சோற்றையும் சேர்த்துப் பார்க்க நாட்டுக்கே கற்றுக்கொடுத்த இடம் இது. 1920ல் சர் பிட்டி தியாகராயர் தலைமையில் இருந்த சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பகுதியில் இருந்த தன் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி கொடுக்கத் தீர்மானித்தது. தலைக்கு நாளொன்றுக்கு ஓர் அணாவுக்கு மிகாத செலவு. பிறகு 1956ல் காமராஜர் ஆட்சியின் மதிய உணவு. 1982 ஜூலை 1 அன்று திருச்சிக்குப் பக்கத்தில் பாப்பாக்குறிச்சியில் எம்.ஜி.ஆர். தொடங்கிவைத்த சத்துணவு. அப்புறம் முட்டை வந்தது, கலவை சாதங்கள் வந்தன. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரை ஆதிமூலம் மாநகராட்சித் தொடக்கப் பள்ளியில் முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் பிள்ளைகளோடு உட்கார்ந்து காலை உணவுத் திட்டத்தைத் தொடங்கினார். முதல் கட்டத்தில் 1,545 பள்ளிகள். அடுத்த ஆண்டே மாநிலம் முழுக்க அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிந்தது. நூறு வருடத்துக்கு மேல் அரிசி, பருப்பு, முட்டை, ஆயா, அமைப்பாளர், சமையலர் என்று எல்லாவற்றையும் யோசித்த நாம், பிள்ளை எங்கே உட்காரும் என்பதைப் போதிய அளவு யோசிக்கவில்லை.

அடுப்பும் வகுப்பும் நெருங்கிக் கிடந்தால் என்ன ஆகும் என்பதை இந்த மாநிலம் நெஞ்சு வெடிக்கக் கற்றுக்கொண்டதும் உண்டு. 2004 ஜூலை 16. கும்பகோணத்தில் ஒரு பள்ளியின் மதிய உணவுச் சமையற்கூடத்தில் பிடித்த தீ, வகுப்புகளின் கீற்றுக்கூரைக்குத் தாவியது. 94 குழந்தைகள் இறந்துபோனார்கள். அதன் பிறகுதான் பள்ளிகளில் கீற்றுக்கொட்டகைக்குத் தடை வந்தது. பள்ளியில் உணவு என்பது இடம், சுவர், கூரை, கதவு எல்லாம் சேர்ந்த விஷயம் என்று அந்தக் குழந்தைகள் தங்கள் உயிரைக் கொடுத்து நமக்குச் சொல்லிவிட்டுப் போனார்கள். சமையலறையைப் பிரித்துக் கட்டினோம். சாப்பாட்டுக்கூடம் இன்னும் பாக்கி.

வகுப்பறையே பந்தியாகும் ஊர்

கட்டடத்துக்குப் பணமில்லை என்று பள்ளி நிர்வாகம் சொல்லலாம். அதற்குப் பதிலாக ஜப்பானைப் பார்க்கச் சொல்வேன். அங்கே பெரும்பாலான தொடக்கப் பள்ளிகளில் பிள்ளைகள் சாப்பிடும் இடமே வகுப்பறைதான்.

1889ல் யமகதா மாகாணத்தின் சுருஓகா ஊரில், ஒரு புத்தக் கோயிலில் நடந்த பள்ளியில் ஏழைப் பிள்ளைகளுக்குச் சோற்று உருண்டையும் உப்பிட்டுச் சுட்ட மீனும் ஊறுகாயும் கொடுத்தார்கள். ஜப்பானியப் பள்ளி உணவின் கதை அங்கிருந்து தொடங்குகிறது. 1954ல் அதற்கென்று ஒரு சட்டம் வந்தது. இன்று மதிய மணி அடித்ததும் முறைக்கு வந்த பிள்ளைகள் வெள்ளை மேலங்கி, தொப்பி, முகக்கவசம் மாட்டிக்கொள்கிறார்கள். சமையலறைக்குப் போய்ப் பாத்திரங்களைத் தள்ளுவண்டியில் கொண்டுவருகிறார்கள். மற்றவர்கள் கைகழுவி, டெஸ்க்குகளைச் சேர்த்துப் போட்டு உட்கார்ந்திருப்பார்கள். ஏழு வயதுக் குழந்தை தன் வகுப்புத் தோழனுக்குச் சூப் ஊற்றுகிறது. ஆசிரியரும் அதே சாப்பாட்டை அதே அறையில் சாப்பிடுகிறார். எல்லாருக்கும் பரிமாறி முடிந்த பிறகு நன்றி சொல்லும் ஒரு சொல்லைச் சேர்ந்து சொல்லிவிட்டுத்தான் முதல் வாய். முடிந்ததும் பாத்திரம் அடுக்குவது, மேசை துடைப்பது, தரை பெருக்குவது எல்லாம் அவர்கள் வேலை. உணவுக் கல்விக்கென்றே 2005ல் தனிச் சட்டம் போட்ட நாடு அது. மதியச் சாப்பாட்டு நேரம் அங்கே கல்வியின் ஒரு பகுதி.

எறும்பும் எலியும் ஜப்பானிலும் உண்டு. வித்தியாசம் ஒரு துடைக்கும் துணியிலும், கைகழுவும் குழாய் எங்கே இருக்கிறது என்பதிலும், ஆசிரியர் பிள்ளைகளோடு உட்காருகிறாரா என்பதிலும் இருக்கிறது. நம் பள்ளிகளில் இருபது நிமிடம் ஒதுக்கி இதைச் செய்ய முடியாது என்று நான் நம்பவில்லை. ‘வகுப்பறையில் உண்ணக் கூடாது’ என்ற வரியை அழித்துவிட்டு ‘பாட நேரத்தில் உண்ணக் கூடாது; மதியம் எல்லாரும் சேர்ந்து உண்போம், சேர்ந்து சுத்தம் செய்வோம்’ என்று எழுதினால் போதும். பெருக்கும் வேலை பெண் பிள்ளைகளுக்கு என்றோ, குறிப்பிட்ட சில வீட்டுப் பிள்ளைகளுக்கு என்றோ ஆகிவிடாமல் முறை வைத்துப் போட வேண்டும். அதில் ஆசிரியர் கண் கொத்திப் பாம்பாக இருக்க வேண்டும்.

ஏன் இவ்வளவு வலியுறுத்திச் சொல்கிறேன் என்றால், எங்கே உட்கார்ந்து, யாரோடு, எந்தப் பானையிலிருந்து என்ற கேள்விகள் நம் பள்ளிகளில் ஒருநாளும் சாதாரணக் கேள்விகளாக இருந்ததில்லை. சதாராவில் படித்த சிறுவன் அம்பேத்கர், பள்ளிக் குழாயைத் தானே தொட்டுத் திறக்க முடியாது. பியூன் வந்து திறந்துவிட வேண்டும். அவர் வராத நாளில் தண்ணீர் இல்லை. உட்காரக் கோணிப்பையையும் வீட்டிலிருந்து கொண்டுபோனதாக அவரே எழுதியிருக்கிறார். நம் பக்கத்தில் சேரன்மாதேவி. வ.வே.சு.ஐயர் 1922ல் தொடங்கிய குருகுலத்தில் பிராமண மாணவர்கள் சிலருக்குத் தனிப்பந்தி என்று தெரிந்தபோது, பெரியாரும் வரதராஜுலு நாயுடுவும் கிளப்பிய எதிர்ப்பு தமிழ்நாட்டுக் காங்கிரஸையே இரண்டாகப் பிளக்கும் அளவுக்குப் போனது. பிள்ளைகள் சாப்பிட உட்காரும் இடம் ஒரு மாநிலத்தின் அரசியல் திசையை மாற்றுவதில் பங்கெடுத்தது.

அது பழைய கதை மட்டும் இல்லை. 2023 செப்டம்பரில் தூத்துக்குடி மாவட்டம் உசிலம்பட்டி கிராமத்தில், காலை உணவைச் சமைப்பவர் தலித் பெண் என்பதால் சில வீட்டுப் பிள்ளைகள் சாப்பிடாமல் இருந்தார்கள். கனிமொழி எம்.பி.யும் அமைச்சர் கீதா ஜீவனும் அந்தப் பள்ளிக்குப் போய்ப் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட்டார்கள். பிள்ளைகளை மரத்தடியில் தனித்தனிக் குழுவாகச் சாப்பிட விடும்போது ஊரின் தெருக்கள் அப்படியே பள்ளி மைதானத்தில் வந்து உட்காருகின்றன. ஒரே அறையில், வகுப்பு ஆசிரியரோடு, வரிசையாக உட்கார்ந்தால் அதற்கு வாய்ப்பு குறையும்.

சுத்தம் என்ற பெயரில் வரும் வேறொரு தடையையும் இங்கே சொல்லியாக வேண்டும். 2024 ஆகஸ்டில் நொய்டாவில் ஒரு தனியார் பள்ளி, டிஃபனில் அசைவம் கொடுத்தனுப்ப வேண்டாம் என்று பெற்றோருக்குச் சுற்றறிக்கை அனுப்பிப் பெரிய விவாதமானது. காலையில் சமைத்தது மதியத்துக்குள் கெட்டுப்போகும் என்று சுகாதாரக் காரணமும், எல்லாரையும் மதிக்கும் சூழல் என்ற காரணமும் அதில் இருந்தன. காலையில் சமைத்த தயிர்சாதமும் தேங்காய்ச் சட்னியும் வெயிலில் கெட்டுப்போகும். அதை யாரும் தடை செய்யவில்லை. எங்கே, எப்போது சாப்பிடுவது என்பதைப் பள்ளி சொல்லலாம். வீட்டில் அம்மா ஆக்கிக் கொடுத்த கருவாட்டுக் குழம்பு இழிவானது என்று ஒரு குழந்தைக்கு உணர்த்தும் உரிமை எந்தப் பள்ளிக்கும் கிடையாது. டிஃபன் பாக்ஸை மூடியால் மறைத்துக்கொண்டு சாப்பிட்ட பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். அந்த வெட்கத்தை அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் பெரியவர்கள்.

காத்திருக்க முடியாத பசி

விதி எவ்வளவு நல்லதானாலும் அது சில பிள்ளைகளுக்கு வழிவிட வேண்டும். முதல் வகை நீரிழிவு உள்ள குழந்தைகள் அவர்கள். உடலில் இன்சுலின் சுரக்காததால் தினமும் ஊசி போட்டுக்கொள்கிறவர்கள். போட்ட இன்சுலினுக்கு ஏற்பச் சாப்பிடாவிட்டால் ரத்தச் சர்க்கரை சரியும். டெசிலிட்டருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே போனால் கை நடுங்கும், வியர்க்கும், பேச்சு குழறும். கவனிக்காமல் விட்டால் மயக்கம், வலிப்பு. உடனே ஏறத்தாழ 15 கிராம் சர்க்கரை உள்ளே போக வேண்டும். அதாவது குளுக்கோஸ் மாத்திரையோ, மூன்று ஸ்பூன் சர்க்கரை கரைத்த தண்ணீரோ, ஒரு சின்ன ஜூஸ் பாக்கெட்டோ. இன்டர்வெல் மணிக்காக அது காத்திருக்காது.

இதை அதிகார அமைப்புகள் ஏற்கெனவே ஒப்புக்கொண்டுவிட்டன. 2017ல் சி.பி.எஸ்.இ., பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வு அறைக்குள்ளேயே இந்தக் குழந்தைகள் சர்க்கரை மாத்திரை, பழம், தண்ணீர் பாட்டில் கொண்டுபோக அனுமதித்தது. 2023ல் தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம், இவர்கள் வகுப்பிலேயே சர்க்கரை அளவைப் பார்க்கவும் இன்சுலின் போடவும் இடையில் சிற்றுண்டி சாப்பிடவும் வழி செய்யும்படி மாநிலங்களுக்கு எழுதியது. பொட்டுத் தோட்டைக்கூடக் கழற்றச் சொல்லிக் கெடுபிடி செய்யும் நீட் தேர்வு அறைக்குள்ளும் நீரிழிவுள்ள மாணவர் சர்க்கரை மாத்திரையும் பழமும் வைத்துக்கொள்ளலாம். இத்தனைக்குப் பிறகும் ஏழாம் வகுப்பு ‘பி’ பிரிவில் ஒரு பிள்ளை மிட்டாய் வாயில் போட்டதற்காக எழுந்து நிற்க வேண்டியிருந்தால், குற்றம் அந்தப் பிள்ளையுடையதாக இருக்க முடியாது. வகுப்பாசிரியருக்கு மட்டும் தெரிந்திருந்தால் போதாது. மாற்றாக வரும் ஆசிரியருக்கும், பி.டி. சாருக்கும், வேன் ஓட்டுநருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

காலையில் வெறும் வயிற்றோடு வரும் பிள்ளையும் இந்தக் கணக்கில் சேரும். காலை உணவுத் திட்டம் தொடக்கப் பள்ளியோடு நின்றுவிடுகிறது. ஆறாம் வகுப்புக்குப் போனதும் பசி நின்றுவிடுவதில்லை. நூறு நாள் வேலைக்கோ கம்பெனி வண்டிக்கோ விடியலில் கிளம்பும் தாய்க்குப் பிறந்த பிள்ளை, இரண்டாவது பீரியடில் தலையை டெஸ்க்கில் சாய்த்தால், ‘தூங்காதே’ என்று சொல்வதற்கு முன்னால் ‘சாப்பிட்டாயா?’ என்று கேட்கும் ஆசிரியர்கள் நம்மிடம் இருக்கிறார்கள். தங்கள் மேசை டிராயரில் பிஸ்கட்டோ கடலை மிட்டாயோ வைத்திருப்பவர்கள். அவர்கள் விதியை மீறுகிறார்கள். மீறட்டும்.

தடை போடும் ஆர்வம் பள்ளிகளுக்கு நிஜமாகவே இருந்தால் அதைச் செலுத்த வேறு இடம் உண்டு. இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2020ல் அறிவித்த விதிகளின்படி, கொழுப்பும் சர்க்கரையும் உப்பும் மிகுந்த பண்டங்களைப் பள்ளி கேன்டீனிலும், பள்ளி வாசலில் இருந்து 50 மீட்டர் தொலைவுக்குள்ளும் விற்கக் கூடாது. 2025 மே மாதம் சி.பி.எஸ்.இ. தன் பள்ளிகளில், அன்றாடம் தின்னும் பண்டங்களில் எவ்வளவு சர்க்கரை இருக்கிறது என்று காட்டும் பலகைகளை வைக்கச் சொன்னது. பள்ளிவிட்டு வரும்போது கேட்டை ஒட்டிய கடையில் சரம் சரமாகத் தொங்கும் பாக்கெட்டுகளையும் கலர் பானங்களையும் பாருங்கள். டெஸ்க்குக்கு அடியில் இருக்கும் தண்ணீர் பாட்டிலைக் கண்டுபிடிக்கும் கண்ணுக்கு அந்தச் சரம் தெரியாமல் போவது எப்படி?

என் மகளின் பள்ளியில் அடுத்த பெற்றோர் கூட்டத்தில் எழுந்து கேட்டேன். இன்னும் ஏழெட்டுத் தாய்மார்கள் தங்கள் வீட்டிலும் பாட்டில் அப்படியே திரும்பி வருவதாகச் சொன்னார்கள். தலைமையாசிரியர் முதலில் மறுத்தார், பிறகு தானே போய்ப் பார்த்தார். பாட்டில்கள் இப்போது டெஸ்க்குக்கு வந்துவிட்டன. கழிப்பறையின் இரண்டு தாழ்ப்பாள்களை மாற்றினார்கள்; பத்து நிமிட இன்டர்வெல் பதினைந்தானது. சாப்பிட இடம் இன்னும் கிடைக்கவில்லை; கேட்டுக்கொண்டிருக்கிறோம். அரசுப் பள்ளிகளிலும் உதவிபெறும் பள்ளிகளிலும் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது; அதன் உறுப்பினர்களில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராகவே இருக்க வேண்டும் என்பது சட்டம். இதைக் கேட்பதற்கான இடம் அதுதான்.

உங்கள் பிள்ளை இன்று மாலை வீட்டுக்கு வந்ததும் பையிலிருந்து பாட்டிலை எடுத்துத் தூக்கிப் பாருங்கள். கனமாக இருந்தால், நாளைக் காலை பள்ளிக்குப் போய்க் கழிப்பறையைப் பார்த்துவிட்டு வாருங்கள்.